தங்கம் வாங்கித் தந்த பந்தாட்ட வாத்தியார்

காலேஜ் பையன்கள் ஆடும் பந்தாட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? போட்டிகள் தொடங்குவதற்கு முன்னால், இந்த வருஷம் எந்தக் காலேஜ் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகும் என்று டீக்கடையில் பந்தயம் கட்டுவார்கள். போட்டி முடிந்ததும் மறந்துவிடுவார்கள். பரீட்சை வந்துவிடும்.

ஆனால் ஒரே ஒருவர் மறக்கவில்லை. எந்தப் பையன் எந்தக் காலால் உதைப்பான், எந்த இடத்தில் நின்று ஆடிப் பழகியவன் என்பதை மனதில் எழுதி வைத்துக்கொண்டார். அந்த ஞாபகம் பின்னால் இந்தியாவுக்கு ஒரு தங்கப் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தது.

அவர் பெயர் சையது அப்துல் ரகீம். ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார்.

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அங்கே நிஜாம் ஆட்சி. ரகீம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். படிப்போடு பந்தாட்டமும் நடந்தது. அந்தப் பல்கலைக்கழக மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து ஆடிய ஒரு குழுவில் ரகீமும் ஆடினார். ஆட்டத்தின் ருசி அவருக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பந்தாடினால் சோறு கிடைக்காதே! ரகீம் வாத்தியார் வேலைக்குப் போனார். காச்சிகுடா, சாதர்காட் என்று ஐதராபாத்தின் பல பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உடற்பயிற்சிப் படிப்பும் படித்துத் தேறினார். காலையில் வகுப்பு. மாலையில் மைதானம்.

1940-களில் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. சாகும்வரை அவர் அதை விடவில்லை.

விசித்திரப் போட்டிகள்

செயலாளர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று நினைக்க வேண்டாம். சிறுவர்களுக்காக ரகீம் நடத்திய போட்டிகளைப் பார்த்து ஊரே ஆச்சரியப்பட்டது.

ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே கூட்டாளிக்குத் தட்டிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழகாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால் உதைப்பான், பந்து எங்கேயோ போகும், கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் சில மாதம் கழித்து வந்து பார்த்தால், அதே பையன் இரண்டு காலாலும் கோல் போட்டுக்கொண்டிருப்பான். குள்ளமான பையன்களுக்கென்றே தனிப் போட்டிகூட உண்டு. உயரம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல ஆட்டக்காரன் வீணாகப் போகக்கூடாது என்பது வாத்தியாரின் எண்ணம்.

செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடா என்று ஒரு கிராமம். அங்கே ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தான். ரகீம் அவனைப் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார். பையன் தயங்கினான். அவ்வளவு தூரம் வந்து போகக் கையில் காசு இல்லை. வாடகைச் சைக்கிளுக்கு ரகீமே பணம் கொடுத்தார். அந்தப் பையன்தான் துளசிதாஸ் பலராம். பிற்காலத்தில் இந்தியாவின் மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர்.

1950-ம் ஆண்டில் ரகீம் ஐதராபாத் நகர போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆண்டே டூரண்டு கோப்பை இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் அணியைப் போலீஸ் அணி தோற்கடித்தது. ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. பந்தாட்டம் என்றால் கல்கத்தாதான் என்று இருந்தவர்கள் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள்.

பத்துக்கு ஒன்று

தேசிய அணியும் ரகீமின் கைக்கு வந்தது. 1951-ம் ஆண்டு டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பெரிய அடி. எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவை நொறுக்கியது. நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அங்கேயோ குளிர். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடுவது கட்டாயம் ஆயிற்று.

தோல்வியில் ரகீம் சோர்ந்துபோகவில்லை. அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அங்கேரி அணி எப்படி ஆடுகிறது என்று ஆராய்ந்தார். நடு முன்வரிசைக்காரனைச் சற்றுப் பின்னால் இறக்கி ஆடவிடும் அந்த முறையை நம் பையன்களுக்கும் பழக்கினார். 1956-ம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரை இறுதிக்குப் போயிற்று. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசிய நாடு அரை இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. முடிவில் நான்காவது இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ். ரகீமின் மகன் ஹக்கீமும் அந்த அணியில் இருந்தார்.

இருமலும் மைதானமும்

1962-ம் ஆண்டு வந்தது. ஜகர்தாவில் ஆசிய விளையாட்டு விழா. அப்போது ரகீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். பேசினால் இருமல் வரும். ஆனாலும் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றது இந்தியா. ஆனால் அந்த ஆட்டத்தில் பின்வரிசைத் தூணான ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்தது. தையல் போட்டார்கள். ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதிக்குப் போனபோது அவர் ஆடவில்லை.

தலையில் கட்டோடு இருப்பவரைத் தற்காப்பில் நிறுத்த முடியாது. உயரே வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ள வேண்டிய இடம் அது. உட்கார வைத்துவிடலாமா? வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இங்கேதான் வாத்தியாரின் ஞாபகம் வேலை செய்தது. ஜர்னெயில் சிங், பிரிவினையின்போது பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சாபில் மகில்பூர் கால்சா காலேஜில் படித்தவர். காலேஜ் நாட்களில் அவர் கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர்! உலகம் மறந்துவிட்ட அந்த விஷயத்தை ரகீம் மறக்கவில்லை. பின்வரிசைக்காரரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரை இறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னெயில் சிங் போட்டது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ந் தேதி. எதிரி மறுபடியும் தென்கொரியா. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் இந்தியாவுக்கு விரோதம். இந்தோனேசியா அந்த விழாவுக்கு இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லலாமா என்று இந்தியப் பிரதிநிதியான சோந்தி கேட்டுவிட்டார். அந்தக் கோபத்தைப் பாவம், பந்தாட வந்த பையன்கள் சுமக்க வேண்டியதாயிற்று. நமது தேசிய கீதம் ஒலித்தபோதுகூட ஒரே கூச்சல். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்!

தனக்கு வேண்டியது ஒரே ஒரு பரிசு, அந்தத் தங்கப் பதக்கம் மட்டும்தான் என்று ரகீம் பையன்களிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். அதற்கு மேல் நீண்ட பிரசங்கம் எதுவும் இல்லை.

கோல் காக்க பீட்டர் தங்கராஜை இறக்கினார். ஐதராபாத்தில் பிறந்த தமிழர், நெடிய உருவம். உடம்பு சரியில்லாமல் முந்திய ஆட்டங்களில் உட்கார்ந்திருந்தவர். கொரியர்கள் உயர உயரப் பந்தடிப்பார்கள். அதைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும் என்று ரகீம் கணக்குப் போட்டார்.

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல் அடித்தார். மூன்றே நிமிடத்தில் இன்னொரு கோல். அடித்தவர், தலையில் கட்டோடு நின்ற அந்தப் பழைய காலேஜ் ஆட்டக்காரர் ஜர்னெயில் சிங்! கொரியா திருப்பி ஒரு கோல் போட 85-வது நிமிடம் ஆகிவிட்டது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

வாத்தியார் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவருக்கு அதிக நாள் இல்லை. நோய் முற்றியது. 1963-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி ரகீம் காலமானார். வயது 53.

அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்தது 1970-ல் ஒரு வெண்கலம் மட்டுமே. அந்த அணியின் தலைவர் சையது நயீமுதீனும் ஐதராபாத்காரர்தான். ஒலிம்பிக் கால்பந்திலோ 1960-க்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஆடியதே இல்லை. ரகீமின் கதையை 2024-ல் 'மைதான்' என்ற பெயரில் இந்தியில் படமாக எடுத்தார்கள். அஜய் தேவ்கன் ரகீமாக நடித்தார். கொட்டகைக்குப் போன வாலிபர்கள் பலருக்கு வாத்தியாரின் பெயர் அப்போதுதான் தெரிந்தது.