வளைந்த விரல்கள் கொடுத்த வெளிச்சம்

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் ஆபரேஷன் செய்தவர் அந்த டாக்டர். ஆனால், அவருடைய விரல்கள் நேராக இல்லை. மூட்டுக்கு மூட்டு முறுக்கிக்கொண்டு, வேர் போல வளைந்து கிடந்தன. பேனா பிடிக்கவே தடுமாறிய அந்த விரல்கள், கண்ணை அறுக்கும் மெல்லிய கத்தியைப் பிடித்தன!

அவர்தான் மதுரை டாக்டர் வெங்கடசாமி.

டாக்டர் ஒருவர் மட்டும் இருந்தால் நோயாளி குணமாகி விடுவதில்லை, பக்கத்தில் நிற்கும் நர்சும் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்தவர். கண்ணுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நர்சுகளைக் கிராமத்துப் பெண்களிலிருந்து உருவாக்கினார். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்று ஏழைகளின் கண்ணைச் சோதித்து மருந்து விடுகிறவர்களில் பலர், அவர் தொடங்கிய பயிற்சியில் படித்து வந்த பெண்கள்.

மணலில் எழுதிய பையன்

பாரதியார் பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்று ஒரு சிற்றூர். கரிசல் காடு. மழை பெய்தால் விளைச்சல், இல்லாவிட்டால் பட்டினி. அங்கே 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் வெங்கடசாமி பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர்தான் மூத்தவர்.

அந்தக் காலத்தில் ஊரில் சிலேட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, விரலால் எழுதித்தான் அவர் எழுத்துப் படித்தார்.

சிறு வயதிலேயே அவர் மனத்தில் ஒரு காயம் விழுந்தது. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேற்றை ஒட்டி இறந்து போனார்கள். சுற்று வட்டாரத்தில் டாக்டர் இல்லை. நேரத்தில் கவனிக்க ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அந்தப் பையனை விடவில்லை. பெரியவனானால் பிரசவ டாக்டராக வேண்டும் என்று உறுதி செய்துகொண்டான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார்.

டாக்டரே நோயாளி ஆனார்

வாழ்க்கை நேராகப் போகும் என்று நினைத்த வேளையில் பேரிடி விழுந்தது. கடுமையான மூட்டுவாதம் அவரைத் தாக்கியது. கை, கால் மூட்டுகள் எல்லாம் வீங்கின. விரல்கள் வளைந்தன. 1948-ல் ராணுவத்திலிருந்து அவரை அனுப்பி விட்டார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கை. எழுந்து நிற்க முடியாது. பிறருக்கு வைத்தியம் செய்யக் கிளம்பியவர், பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தார். படுக்கையில் கிடப்பவனுக்கு அடுத்தவர் கையின் பதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த நாட்களில் அவர் தம் உடம்பிலேயே அனுபவித்தார்.

நோய் சற்றுத் தணிந்தது. ஆனால், விரல்கள் நிமிரவில்லை. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது. சிறு வயதுக் கனவு அதோடு முடிந்தது.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. கண் வைத்தியத்தின் பக்கம் திரும்பினார். 1951-ல் கண் மருத்துவத்தில் மேல்பட்டம் பெற்றார். வளைந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் பழகினார். பழகப் பழக, கை அவர் சொன்னபடி கேட்டது.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்குத் தலைவரானார். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது பெயர் பெற்றிருந்த இன்றைய ராஜாஜி அரசு மருத்துவமனையில் இருபது ஆண்டுகள் பணி செய்தார்.

கிராமத்தைத் தேடிப் போனார்

கண்புரை என்றால் என்ன? கண்ணுக்குள்ளே கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வில்லை இருக்கிறது. வயதாக ஆக அது மங்கி வெளுக்கிறது. அழுக்குப் படிந்த ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் உலகம் மங்குகிறது. கடைசியில் வெளிச்சம் மட்டும் தெரியும்; ஆள் தெரியாது. இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. ஆபரேஷன் செய்து மங்கிய வில்லையை எடுத்துவிட்டால் பார்வை திரும்பிவிடும்.

திரும்பக்கூடிய பார்வைதான். ஆனாலும், எத்தனையோ பேர் அதைத் தலைவிதி என்று எண்ணித் திண்ணையிலேயே முடங்கிக் கிடந்தார்கள். பஸ்ஸுக்குப் பணம் இல்லை. கூட்டிப்போக ஆள் இல்லை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் வேறு.

அவர்கள் வராவிட்டால் என்ன, தாமே போவோம் என்று புறப்பட்டார் டாக்டர். 1960-களில் ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடத்தினார். 1965-ல் அமெரிக்கா சென்றபோது, சர் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூட ரசாயனச் சோதனையில் பார்வை இழந்தவர் வில்சன். உலகமெங்கும் பார்வையற்றோருக்காக உழைத்தவர். அந்த நட்பு டாக்டருக்குப் புதிய ஊக்கம் கொடுத்தது. மறு ஆண்டே, பார்வை இழந்தவர்களுக்குத் தொழில் பழக்கும் மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

முகாம்களில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். வரிசையில் நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். டாக்டர்களோ ஒருவர் இருவர். பார்வை சோதிப்பது, மருந்து விடுவது, கட்டுப் போடுவது, பயந்தவருக்குத் தைரியம் சொல்வது என்று எல்லாவற்றையும் டாக்டரே செய்தால், பொழுது சாயும்போது பாதி வரிசை பார்வை இல்லாமலே வீடு திரும்பும்!

இந்த வேலைகளைச் செய்ய டாக்டர் பட்டம் தேவையில்லை. ஆனால், நல்ல பயிற்சி தேவை. 1973-ல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

பதினொரு படுக்கை

1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நகரத்தில் ஒரு கிளினிக் வைத்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில், பதினோரே படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தரிடம் கொண்ட பக்தியால் வைத்த பெயர் அது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளை ஆளாக்கிய அண்ணன் அவர். அந்த அண்ணன் கூப்பிட்டவுடன் குடும்பமே வந்து நின்றது. தங்கை டாக்டர் நாச்சியாரும், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் தோள் கொடுத்தார்கள். நம்பெருமாள்சாமி, தேனிப் பகுதியிலுள்ள அம்பாசமுத்திரம் கிராமத்தில் பிறந்தவர். தம்பி சீனிவாசன் கட்டட வேலையைக் கவனித்தார். பணம் போதாதபோது சொத்தும் நகைகளும் அடகுக்குப் போயின.

கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பார். முடியாதவர் கொடுக்க வேண்டாம். ஆனால், இருவருக்கும் வைத்தியம் ஒன்றுதான். இதுதான் அந்த ஆஸ்பத்திரியின் சட்டம்.

கிராமத்துப் பெண்கள் நர்சுகளாயினர்

பிற ஆஸ்பத்திரிகளில் பயின்ற நர்சுகளை அழைத்து வருவது எளிது. டாக்டர் வேறு வழியில் போனார். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, மேலே படிக்க வசதியில்லாமல் வீட்டில் இருந்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார். தங்கை நாச்சியார் அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார்.

பயிற்சி இரண்டு ஆண்டு. கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு. முதல் சில மாதங்களில், கண்ணின் அமைப்பு, நோய்கள், சுத்தம், நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றை எல்லோரும் படிப்பார்கள். அதன்பின் ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்துறை. ஒருத்தி கண்ணாடிக்கு அளவு பார்ப்பதில் தேர்வாள். ஒருத்தி ஆபரேஷன் அறையில் தேர்வாள். ஒருத்தி வார்டைக் கவனிப்பாள். இன்னொருத்தி, ஆபரேஷனுக்கு அஞ்சி நிற்பவரை உட்கார வைத்து, நடக்கப் போவதை விளக்கிச் சொல்வாள்.

இவர்கள் எல்லா நோய்க்கும் பணி செய்யும் பொது நர்சுகள் அல்லர். அந்தப் படிப்பு வேறு. இவர்களுக்குக் கண் ஒன்றுதான் உலகம். ஒரே வேலையை நாள்தோறும் செய்வதால் கை தவறுவது குறைகிறது.

கிராமத்துப் பெண்களிடம் கண்ணை ஒப்படைக்கலாமா? சந்தேகம் எழுவது இயல்புதான். கண் விஷயத்தில் ஒரு சிறு தவறுகூடப் பெரிய ஆபத்தாகும். வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணில் மருந்து விட்டால்? கருவியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் கிருமி புகுந்தால்? புகுந்த கிருமி ஒரே நாளில் பார்வையைப் பறித்துவிடும். அதனால்தான் பயிற்சியில் கண்டிப்பு இருந்தது. எந்தக் கண் என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்த பிறகே வேலை நடக்க வேண்டும்.

ஆபரேஷன் அறையில்

ஆபரேஷன் நாளில் நர்சுகள் செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை விடுகிறார்கள். அதற்கு முன்பே கண்ணின் நீளத்தையும் வளைவையும் அளந்து, எந்த அளவு வில்லை பொருத்த வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்கிறார்கள். கருவிகளை வரிசையாக அடுக்குகிறார்கள்.

டாக்டருக்கு இருபுறமும் இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே, அடுத்ததில் அடுத்த நோயாளியை நர்சுகள் தயார் செய்து விடுகிறார்கள். இங்கே முடித்தவுடன் டாக்டர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதுதான்! இந்த ஏற்பாட்டால், அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்ய முடிந்தது. ஒரு டாக்டரின் நேரம் மிச்சப்பட்டால் செலவும் குறையும். செலவு குறைந்ததால்தான் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முடிந்தது.

ஆபரேஷன் முடிந்த பிறகும் நர்சுக்கு வேலை உண்டு. கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீர் படக் கூடாது, மருந்தை இத்தனை வேளை விட வேண்டும் என்று நோயாளிக்குப் புரியும் பேச்சில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அவள் ஊர்ப் பேச்சிலேயே சொல்ல, கிராமத்தில் பிறந்த பெண்ணைவிடத் தகுந்தவர் யார்?

முன்பு வில்லையை எடுத்தவர்களுக்குத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் துணை. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. விலையோ ஏழைக்கு எட்டாதது. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கப்பட்டு, அந்த வில்லை மதுரையிலேயே மலிவாகத் தயாராயிற்று. அதைச் செய்யும் வேலையிலும் கிராமத்துப் பெண்கள் அமர்ந்தார்கள்.

தேனிக்கு வந்த வைத்தியம்

மதுரைக்கு வெளியே முதல் கிளை தேனியில் 1985-ல் ஏற்பட்டது. அப்போது தேனி, மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

மேற்கு மலையடியில் இருக்கும் பொட்டிப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து அது சுமார் 110 கிலோமீட்டர். பார்வை மங்கிய முதியவர் தனியே அவ்வளவு தூரம் போக முடியாது. மகனோ மகளோ கூடப் போக வேண்டும். இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். வைத்தியம் இலவசமாகவே இருந்தாலும், போய் வரும் செலவு ஆளை வீட்டிலேயே நிறுத்திவிடும். தேனியில் ஆஸ்பத்திரி வந்ததும் அந்தத் தடையில் பெரும்பகுதி நீங்கியது.

2004-லிருந்து இன்னொரு வசதியும் வந்தது. போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறிய பார்வை மையங்கள் ஏற்பட்டன. அங்கே இருப்பவர் டாக்டர் அல்ல. பயிற்சி பெற்ற கண் நர்சுதான். அவர் பார்வையைச் சோதிக்கிறார். கண்ணின் அழுத்தத்தை அளக்கிறார். கருவி மூலம் கண்ணைப் படம் பிடிக்கிறார். தேனியில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் வழியே அதைப் பார்த்து, நோயாளியோடும் பேசுகிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கிடைக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

மறைவும் பெருமையும்

வளைந்த விரல்களோடு டாக்டர் வெங்கடசாமி முதுமையிலும் ஆஸ்பத்திரியை வலம் வந்தார். 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 87.

பதினொரு படுக்கையில் தொடங்கிய ஆஸ்பத்திரி அவரோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அதன் கதையைப் பாடமாகவே வைத்தார்கள். 2008-ல் கேட்ஸ் விருதும், 2010-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் கிடைத்தன. வேறு நாடுகளிலிருந்தும் கண் டாக்டர்கள் மதுரைக்கு வந்து, இந்த முறையைக் கற்றுப் போகிறார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்துச் செல்வது எதை? டாக்டரின் பக்கத்தில் நின்று, அடுத்த மேஜையைத் தயார் செய்யும் அந்தப் பெண்களின் வேலையைத்தான்.

உறவுப் பெண்கள் மூவர் கவனிக்க ஆளின்றி மாண்டதைக் கண்டு, டாக்டராக விரும்பியவர் அவர். பிரசவம் பார்க்க அவருக்குக் கை கொடுத்து வைக்கவில்லை. ஆனால், வீட்டு வாசலைத் தாண்டாத எத்தனையோ கிராமத்துப் பெண்களின் கைகளுக்கு ஒரு தொழிலையும், அந்தக் கைகளை நம்பி வந்தவர்களுக்குப் பார்வையையும் கொடுத்துவிட்டுப் போனார்.