ஆகுஸ்ட் பியர்

கார்ல் குஸ்தாவ் ஆகுஸ்ட் பியர் (நவம்பர் 24, 1861 - மார்ச் 12, 1949) செருமானிய அறுவை மருத்துவர் ஆவார். முதுகில் ஊசி மூலம் மருந்து செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் தண்டுவட உணர்வகற்றல் முறையை 1898 இல் அறுவை மருத்துவத்தில் புகுத்தியவர் இவரே. இன்று திருவண்ணாமலை போன்ற ஊர்களின் மருத்துவமனைகளிலும் சிசேரியன் அறுவை பெரும்பாலும் இம்முறையிலேயே செய்யப்படுகிறது.

இளமை

செருமனியின் வால்டெக் பகுதியிலுள்ள எல்சன் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்றபின் கீல் நகரில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் எசுமார்க்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

1898 ஆம் ஆண்டுச் சோதனைகள்

கீல் நகரின் மற்றொரு மருத்துவரான குவின்கே, இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை 1891 இல் வெளியிட்டிருந்தார். அதே வழியில் கொக்கேயின் கரைசலை உட்செலுத்தலாம் எனப் பியர் எண்ணினார். ஆகஸ்ட் 16, 1898 அன்று, கணுக்கால் மூட்டில் காசநோய் கண்ட 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு இவ்வாறு மருந்து செலுத்தி வலியின்றி அறுவை செய்தார்.

அம்மாதம் 24 ஆம் நாள் தம் உடலிலேயே சோதிக்க முனைந்தார். ஊசியும் மருந்துக்குழலும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் தண்டுவட நீர்தான் வீணாக வழிந்தது. உடனே உதவியாளர் இல்டெபிரண்ட் முன்வர, அவருக்குப் பியர் மருந்து செலுத்தினார். இல்டெபிரண்டின் கால்களை ஊசியால் குத்தியும் சுருட்டால் சுட்டும் இரும்புச் சுத்தியலால் அடித்தும் பார்த்தார்; வலி தெரியவில்லை. இருவரும் அன்றிரவு மதுவருந்தி மகிழ்ந்தனர். பின்னர் தலைவலியால் பியர் ஒன்பது நாட்கள் படுத்த படுக்கையானார். இல்டெபிரண்டும் தலைவலியாலும் கால் காயங்களாலும் துன்புற்றார். 1899 இல் இவற்றை எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

இரத்த அழுத்தம் வீழ்தல்

1900 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிரைசு என்பவர் இம்முறையைப் பேறுகால வலிக்குப் பயன்படுத்தினார். தாய்மாரைப் பொறுத்தவரை, பியரை வாட்டிய தலைவலியைவிடப் பெரிய இடர் வேறொன்று உண்டு. மருந்து, வலி நரம்புகளோடு இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளையும் செயலிழக்கச் செய்கிறது. குழாய்கள் தளர்ந்து, இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் சில நிமிடங்களிலேயே சரிகிறது. மல்லாந்து படுத்த நிறைமாதத் தாயின் கருப்பை, இதயத்துக்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் பெருஞ்சிரையை அழுத்துவதால் நிலைமை மேலும் மோசமாகும். தாய்க்குக் குமட்டலும் மயக்கமும் வரும். நஞ்சுக்கொடி வழிச் செல்லும் இரத்தம் தாயின் அழுத்தத்தை நம்பியிருப்பதால் குழந்தைக்கு ஆக்சிசன் குறையும்.

தடுப்பு நடவடிக்கை இல்லையெனில் பெரும்பாலான தாய்மாருக்கு இது நேரும். எனவே அழுத்தம் விழும்வரை காத்திராமல், முதுகில் ஊசி போட்டவுடனேயே பினைலெப்ரின் என்னும் குழாய்ச்சுருக்கி மருந்தைச் சிரைவழி தொடர்ந்து செலுத்துவதை 2018 இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் கருத்தொருமிப்பு பரிந்துரைத்தது. கருப்பையை இடப்புறம் தள்ளி வைத்தலும் சிரைவழித் திரவம் ஏற்றுதலும் இதனுடன் சேர்ந்தவை. அழுத்தத்தை அந்தத் தாயின் இயல்பான அளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைத்திருப்பதே இலக்கு. பல்லாண்டுகள் முதன்மையாகப் பயன்பட்ட எபிட்ரின், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுவது தெரிந்தபின் முதலிடத்தை இழந்தது.

பிற்காலம்

1907 இல் பியர் பெர்லினில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு, கட்டுப்பட்டை இறுக்கிய கையின் சிரையில் மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முதல் உலகப் போரில் செருமானியப் படையின் எஃகுத் தலைக்கவசம் உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். 1937 இல் நாட்சி அரசின் தேசியப் பரிசை மற்றோர் அறுவை மருத்துவரான சவர்புரூக்குடன் பகிர்ந்து பெற்றதை அவர் வரலாற்றிலிருந்து ஒதுக்கிவிட இயலாது.

முதுமையில் அவரது ஈடுபாடு காடு வளர்ப்பில் சென்றது. சாவென் என்னும் சிற்றூரில் தாம் வாங்கிய வறண்ட பைன் காட்டில் பலவகை மரங்களை நட்டுக் கலப்புக் காடாக மாற்றினார். அங்கேயே 1949 இல் காலமானார்.