களிமண்ணில் கார் செய்த மனிதர்



ஆட்டோமொபைல் படிக்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு பட்டிமன்றம் நிச்சயம். அந்தக் காலத்துக் கார்தான் கார், இப்போ வர்றதெல்லாம் ஒரே அச்சில் வார்த்த சோப்பு டப்பா என்று ஒரு கட்சி பேசும். பழைய கார் பார்க்கத்தான் அழகு, எங்கேயாவது இடிச்சா உள்ளே இருக்கிறவன் கதி அதோகதி என்று எதிர்க்கட்சி மடக்கும். டீ ஆறிப்போகும். தீர்ப்பு மட்டும் வராது.

இந்த இரண்டு கட்சிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் ஹார்லி ஏர்ல். பெரிய கம்பெனிகளில் காரின் உருவத்தை அமைப்பது ஒரு தனித் தொழிலாக ஆனதற்கு அவரே முதல் காரணம் என்றால் மிகையாகாது. பழைய சினிமாக்களில் பங்களா வாசலில் வந்து நிற்குமே, கப்பல் மாதிரி செவர்லே இம்பாலா, அது முதன்முதலில் 1958 மாடலாக வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர் அவர்தான்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

ஹார்லி ஏர்ல் 1893-ம் ஆண்டு நவம்பர் 22-ம் தேதி, கலிபோர்னியாவில் உள்ள ஹாலிவுட்டில் பிறந்தார். அப்பா குதிரை வண்டி கட்டுகிறவர். மோட்டார் கார் பரவத் தொடங்கியதும் 1908-ல் அவருடைய பட்டறை கார் பாடி கட்டும் பட்டறையாக மாறியது. நம்ம பஸ் பாடி கட்டுகிற மாதிரிதான். சேசிஸ் ஒரு இடத்திலிருந்து வரும், மேலே உள்ளதெல்லாம் பட்டறையின் கைவேலை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்த ஹார்லி, பட்டம் வாங்காமலேயே பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

ஊர் ஹாலிவுட் ஆயிற்றே! டாம் மிக்ஸ், ஃபேட்டி ஆர்பக்கிள் போன்ற சினிமா நடிகர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஒருத்தர் கார் மாதிரி இன்னொருத்தருக்கு இருக்கக் கூடாது. 1919-ல் டான் லீ என்ற காடிலாக் டீலர் இந்தப் பட்டறையை வாங்கினார். ஹார்லியை அங்கேயே பொறுப்பாளராக வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காடிலாக் நிறுவனத்தின் தலைமை மேனேஜர் லாரன்ஸ் ஃபிஷர் பட்டறைக்கு வந்தார். அங்கே அவர் கண்ட காட்சி அவரை நிறுத்திவிட்டது. மற்ற இடங்களில் மரத்தை இழைத்தோ தகட்டைத் தட்டியோ மாதிரி செய்துகொண்டிருந்த நேரத்தில், இங்கே களிமண்ணால் காரின் உருவத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்!

இதில் என்ன பெரிசு என்று கேட்கலாம். மரத்தில் ஒரு தடவை கூடுதலாக இழைத்துவிட்டால் போச்சு, திரும்ப ஒட்ட முடியாது. களிமண்ணில் அப்பலாம், வழிக்கலாம், பிடிக்காவிட்டால் திரும்ப அப்பலாம். அந்தக் காலத்துக் கார்களில் ரேடியேட்டர், பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் தனித்தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது மாதிரிதான் இருக்கும். களிமண் கைக்கு வந்த பிறகு, முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே கோடாக ஓடும் உருவத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடிந்தது. கம்ப்யூட்டர் வந்துவிட்ட இன்றைக்கும் பெரிய கம்பெனிகளின் ஸ்டூடியோக்களில் முழு அளவுக் களிமண் கார் உண்டு. மில்லிங் மெஷின் வெட்டித் தரும். கடைசி இழைப்பு மனிதக் கைதான்.

கறுப்பு மட்டுமே இருந்த உலகம்

அது ஃபோர்டு மாடல் டி காலம். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டும்தான் கிடைத்தது. மலிவு, உறுதி, அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு மாதிரி கணக்குப் போட்டார். 1920-களின் நடுவில் டியூகோ என்ற, சீக்கிரம் காயும் லாக்கர் பெயின்ட் புழக்கத்துக்கு வந்திருந்தது. நாட்கணக்கில் காய வேண்டிய வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பல நிறங்களும் கிடைத்தன. காரை வெறும் மெஷினாகப் பார்க்காமல், ஆசைப்பட்டு வாங்கும் பொருளாக விற்கலாமே என்பது அவர் எண்ணம்.

ஏர்ல் டெட்ராய்ட்டுக்கு அழைக்கப்பட்டார். அவர் வடிவமைத்த லாசால் கார் 1927-ல் வந்தது. ஹிஸ்பானோ-சுயிசா என்ற விலையுயர்ந்த ஐரோப்பியக் காரின் சாயல் அதில் நன்றாகவே தெரியும். கார் ஜெயித்தது. அதே வருஷம் ஸ்லோன் 'ஆர்ட் அண்ட் கலர்' என்றொரு பிரிவை உண்டாக்கி ஏர்லைத் தலைவராக்கினார். கம்பெனிக்குள் பழைய ஆட்கள் அந்தப் பிரிவுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? பியூட்டி பார்லர்!

கர்ப்பிணி ப்யூக்

நாம் எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய சம்பவம் இதுதான். 1929 ப்யூக் மாடலுக்கு ஏர்ல் உருவம் அமைத்தார். பக்கவாட்டில் ஜன்னலுக்குக் கீழே லேசாக ஒரு புடைப்பு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. டிசைன் ஃபாக்டரிக்குப் போனது. அங்கே உற்பத்தி வசதிக்காகப் பக்கத் தகட்டின் அடிப்பாகத்தை உள்ளே இழுத்தார்கள். உயரத்தில் ஐந்து அங்குலம் கூட்டினார்கள். யாரும் ஏர்லைக் கேட்கவில்லை. லேசான புடைப்பு தொப்பையாகிவிட்டது. ஜனங்கள் கர்ப்பிணி ப்யூக் என்று சிரித்தார்கள். விற்பனை அடி வாங்கியது.

தப்பு யார் மேல்? ஃபாக்டரி ஆளுக்குப் புடைப்பு எதற்கென்று தெரியாது. வரைந்தவருக்கு அந்தத் தகடு பிரஸ்ஸில் எப்படி மடங்கும் என்று தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே இல்லை. ஏர்ல் இந்தக் கதையை மறைக்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அவரே எழுதினார். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் இன்ஜினியர்களோடும் ஃபாக்டரியோடும் ஒட்டி வேலை செய்யும் வழியைத் தேடினார். பிரிவும் வளர்ந்தது. ஐம்பது பேரோடு தொடங்கியது, அவர் ஓய்வு பெறும்போது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 1940-ல் அவர் கம்பெனியின் வைஸ் பிரசிடென்ட் ஆனார். டிசைன் வேலை பார்க்கிற ஒருத்தர் அவ்வளவு பெரிய கம்பெனியில் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

நீளம், தாழ்வு

ஆறடி நாலங்குல உயரம், பளிச்சென்ற நிறத்தில் சூட்டு. உள்ளே நுழைந்தால் ஸ்டூடியோவே நடுங்குமாம். ஆனால் அவரே பேனா பிடித்து வரைவது அபூர்வம். களிமண் மாடலுக்கு எதிரே உட்கார்ந்து, இந்தக் கோடு ஒரு நூல் இறங்கட்டும், அந்த வளைவு கொஞ்சம் நீளட்டும் என்று சொல்லிச் சொல்லியே செய்ய வைப்பார். அவருடைய வாழ்நாள் லட்சியம் இரண்டே சொல்: நீளம், தாழ்வு. 1920-களில் ஆளுயரம் நின்ற கார், அவர் ஓய்வு பெறும்போது ஐந்தடிக்குக் கீழே இறங்கியிருந்தது.

1935 மாடல்களில், துணி போர்த்திய நடுப்பாகம் போய், ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த எஃகுக் கூரை வந்தது. 1938-ல் ப்யூக் ஒய்-ஜாப் என்ற காரைச் செய்தார்கள். விற்பதற்காக இல்லை, வரப்போகும் உருவத்தை ஜனங்களிடம் காட்டிப் பார்ப்பதற்காக. மூடி மறையும் ஹெட்லைட், பட்டனில் இறங்கும் கண்ணாடி, ஃபுட்போர்டு இல்லாத பக்கங்கள்! இன்றைய மோட்டார் ஷோக்களில் நாம் வாய் பிளக்கும் கான்செப்ட் கார்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். ஏர்ல் அதைத் தன் சொந்த உபயோகத்துக்கே பல வருஷம் ஓட்டினார். 1953-ல் கண்ணாடி இழை பாடியோடு வந்த கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரும் அவர் முயற்சிதான். முதல் வருஷம் 300 கார்கள் மட்டுமே செய்தார்கள். 1950-களில் உள் அலங்கார வேலைகளுக்குப் பெண் டிசைனர்களை ஒரு குழுவாகச் சேர்த்தவரும் அவரே.

வால் முளைத்த கதை

1941-ல் ஏர்லும் அவர் ஆட்களும் பி-38 என்ற லாக்ஹீட் போர் விமானத்தைப் பார்க்கப் போனார்கள். இரட்டை வால் உள்ள விமானம். அந்த வால் மனதிலேயே நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து 1948 காடிலாக் காரில் பின் மட்கார்டு மேல் சின்னதாக ஒரு துடுப்பு முளைத்தது. இடது பக்கத் துடுப்பில் டெயில் லைட்டைத் தூக்கினால் கீழே பெட்ரோல் மூடி! ஒரு வேலையாவது செய்தது, இல்லையா?

ஆனால் அது அங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் உருவம் மாற வேண்டும் என்பது கம்பெனியின் வியாபாரத் தந்திரம். போன வருஷம் வாங்கின நல்ல கார், பழுதே இல்லாமல், இந்த வருஷம் பழசாகத் தோன்ற வேண்டும். ஏர்ல் இதை ஒளிவுமறைவில்லாமல் ஆதரித்தார். துடுப்பு வளர்ந்தது, குரோமியம் வழிந்தது. 1959 காடிலாக் கார் பதினெட்டே முக்கால் அடி நீளம். துடுப்பு ராக்கெட் மாதிரி நின்றது. காரின் ஓட்டத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

கடைசியில் சீடர்களே குருவை மிஞ்சினார்கள். 1956-ல் போட்டிக் கம்பெனியான கிரைஸ்லரின் புதிய பிளிமத் கார்களை ஏர்லின் இளம் டிசைனர் ஒருத்தர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டார். மெலிந்த கூரை, சுத்தமான கோடு. நம்ம கார் கிழவி மாதிரி இருக்கே என்று பதறிப்போனார்கள். ஏர்ல் ஐரோப்பாப் பயணம் போயிருந்த சமயத்தில், 1959 மாடல்களை அவர்கள் புதிதாகத் தொடங்கினார்கள். திரும்பி வந்தவர் பார்த்தார். கத்தவில்லை; ஏற்றுக்கொண்டார். 1958 முடிவில் ஓய்வு பெற்றார். பில் மிட்செல் அந்த இடத்துக்கு வந்தார்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் இங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரை வெளியிட்டது என்பது வேடிக்கை. அங்கே வருஷத்துக்கு ஓர் உருவம்; இங்கே 2014 வரை கிரில்லும் விளக்கும் மாறினதே தவிர, உருவம் ஒன்றே!

தீர்ப்பு வந்த விதம்

1965-ல் ரால்ஃப் நேடர் என்ற வக்கீல் கார்களின் ஆபத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஸ்டைலுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததையும், கூரான துடுப்புகள் மனிதர்களைக் காயப்படுத்துவதையும் அதில் எடுத்துக்காட்டினார். 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதெல்லாம் ஏர்ல் உயிரோடு இருக்கும்போதே நடந்தது. 1969 ஏப்ரல் 10-ம் தேதி, ஃபுளோரிடாவில், 75-வது வயதில் அவர் காலமானார்.

நாற்பது வருஷம் கழித்து, 2009-ல், அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சோதனை நிலையம் ஒரு காரியம் செய்தது. 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பழைய காரில் டிரைவர் உட்காரும் இடமே நொறுங்கியது. அதில் இருந்தது பொம்மை. மனிதனாக இருந்தால் செத்திருப்பான். புதிய காரில் இருந்தவனுக்குக் காலில் அடி, அவ்வளவுதான். பழைய தகடு கெட்டி, தாங்கும் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

அப்படியானால் புதுசுக் கட்சி ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீங்க! இன்றைய கார்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. அதைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. எல்லாக் கம்பெனிக்கும் காற்று ஒன்றுதான், அதனால் வடிவமும் நெருங்கி வருகிறது. நடந்து போகிறவன் தலை பானெட்டில் மோதினால் கீழே இன்ஜினில் இடிக்காமல் இருக்க இடைவெளி வேண்டும். ஐரோப்பாவில் 2005 முதல் புது மாடல்களுக்கு இதற்குச் சட்டமே உண்டு. பானெட் உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பம்பரில் காற்றே போகாத பொய் ஓட்டைகள் எதற்கு? ரேடியேட்டர் கிரில்லுக்கு வேலையே இல்லாத பேட்டரி காரில் கிரில் மாதிரி ஒரு முகமூடி எதற்கு? இதெல்லாம் நம்ம காலத்துத் துடுப்புதான்!

ஆகவே பழசா புதுசா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தக் கோடு எதற்கு என்று கேட்டுப் பழகுவோம். ஏர்லின் வாழ்க்கையிலேயே இரண்டு விடையும் இருக்கிறது. எஃகுக் கூரைக்கு வேலை இருந்தது. 1959 துடுப்புக்கு இல்லை. நாளைக்கு நம்மில் பலர் போய் நிற்கப்போவது டிராயிங்குக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில்தான். ஐந்து அங்குலம் கூட்டச் சொல்லி யாராவது வந்தால், கூட்டுவதற்கு முன்னால் வரைந்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு கர்ப்பிணி ப்யூக் நம்ம கையாலேயே பிறந்துவிடும்!