கருப்பினத்தவருக்குக் குரல் தந்த கிளாடியா ஜோன்ஸ்

கிளாடியா ஜோன்ஸ் 1915ஆம் ஆண்டு திரினிடாட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறினார். ஆலைத் தொழிலாளியான தாய் இளவயதில் இறந்தார். காசநோய் கிளாடியாவை வாட்டியது. ஆயினும் கருப்பினப் பெண் தொழிலாளர்களின் உரிமைக்காக ஓயாமல் எழுதினார். கம்யூனிஸ்ட் என்பதால் அமெரிக்கா அவரைச் சிறையிலடைத்து, 1955இல் பிரிட்டனுக்கு நாடு கடத்தியது.

கருப்பர் என்றாலே வாடகை வீடு மறுக்கப்பட்ட காலம் அது. அவர்களின் வாழ்க்கையைச் சொல்ல 1958இல் லண்டன் பிரிக்ஸ்டனில் ‘வெஸ்ட் இந்தியன் கெசட்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளையர் கும்பல்கள் கருப்பினத்தவரை வீடு தேடித் தாக்கின.

அடிபட்ட சமூகம் தலைகுனிந்து முடங்கிவிடக் கூடாது என்று எண்ணினார் கிளாடியா. 1959 ஜனவரியில் செயின்ட் பேங்க்ராஸ் நகர மண்டபத்தில் கரீபியத் திருவிழா நடத்தினார். ஆடல் பாடலோடு கருப்பினப் பெண்களுக்கு அழகிப் போட்டியும் நடந்தது. பிபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்கில் சிக்கிய கருப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத்திற்கு ஒதுக்கப்பட்டது.

1964இல், 49 வயதில் அவர் மறைந்தார். சில மாதங்களில் பத்திரிகையும் நின்றது. ஆனால், நாட்டிங் ஹில் தெருக்களில் இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாவுக்கு அவரையே தாயாகப் போற்றுகிறார்கள்.