அடகு போன இயந்திரம்

பாட்டி வீட்டின் மூலையில், துணி போர்த்திய பழைய தையல் இயந்திரம் ஒன்று இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பல ஆண்டுகளாக அது பொருள்களை வைக்கும் மேசையாகவே இருந்திருக்கும். ஒரு நாள் தூசியைத் துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, காலால் மிதித்துப் பார்த்தால் அது மீண்டும் கடகடவென ஓடத் தொடங்கிவிடும். பயனற்றது என்று ஒதுக்கிய பொருள் மறுபடியும் கைகொடுக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியே தனி. இத்தகைய இயந்திரங்களுக்கு வழிவகுத்த கருவி ஒன்றும் முன்பு அப்படித்தான் ஒதுக்கப்பட்டது; அடகுக்கும் போனது. அதை உருவாக்கியவர் எலியாஸ் ஹோவ்.

ஹோவ் 1819ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்குக் காலில் குறை இருந்ததால் கடுமையான பண்ணை வேலைகளைச் செய்வது எளிதாக இல்லை. ஆனால், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. இளம் வயதிலேயே நெசவு இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பின்னர், பாஸ்டன் நகரில் கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். தையல் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடிப்பவர் பெரும் பணக்காரர் ஆகலாம் என்று அங்குச் சிலர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அன்று முதல் அந்த எண்ணம் அவரை விடவில்லை.

அவருடைய வாரச் சம்பளம் 9 டாலர். மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்திற்கு அது போதவில்லை. மனைவி எலிசபெத் பிறருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பச் செலவுக்கு உதவினார். மனைவியின் கைகள் அசைவதைப் போலவே ஓர் இயந்திரத்தையும் அசைய வைக்க ஹோவ் முதலில் முயன்றார். அது பலிக்கவில்லை. கை தைக்கும் முறையை இயந்திரம் பின்பற்ற வேண்டியதில்லை என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. எனவே, ஊசியின் காதைக் கூர்முனைக்கு அருகில் அமைத்தார். ஊசி ஒரு நூலைத் துணிக்குள் கொண்டு செல்லும்போது, மறுபக்கத்தில் நெசவு நாடா போன்ற ஒரு பகுதி இரண்டாவது நூலை அதன் வளையத்திற்குள் செலுத்தியது. இரண்டு நூல்களும் ஒன்றோடொன்று பின்னி இறுகியதால் தையல் எளிதில் பிரியவில்லை.

நண்பர் ஒருவரின் பண உதவியுடன் 1845ஆம் ஆண்டு இயந்திரம் உருவாகியது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 தையல்கள் போடக்கூடிய அதை, ஹோவ் பாஸ்டனில் இருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். வேகமாகத் தைக்கும் ஐந்து பெண்களோடு நடந்த போட்டியிலும் இயந்திரமே வென்றது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், ஆனால், ஒருவர்கூட வாங்கவில்லை. விலை மிக அதிகம் என்றனர் சிலர். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று தையல்காரர்கள் அஞ்சினர். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காப்புரிமை கிடைத்தபோதும் நிலைமை மாறவில்லை.

வேறு வழியின்றி ஹோவ் இங்கிலாந்துக்குச் சென்றார். லண்டனில் ஒரு முதலாளியிடம் சிறிது காலம் வேலை செய்தார். கருத்து வேறுபாட்டால் அந்த வேலையும் போனது. கடன் வாங்கிக் குடும்பத்தை முதலில் ஊருக்கு அனுப்பினார். தாமும் திரும்புவதற்காகத் தம் முதல் இயந்திரத்தையும் காப்புரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்தார். 1849ஆம் ஆண்டு நியூயார்க்கில் இறங்கியபோது அவர் கையில் சில காசுகளே இருந்தன. மனைவி காசநோயால் இறக்கும் நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. தந்தை அனுப்பிய 10 டாலரைக் கொண்டு விரைந்தார். அவர் போய்ச் சேர்ந்த சில நாள்களில் எலிசபெத் இறந்தார். ஆடை தைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய ஹோவ், பிறரிடம் உடை இரவல் வாங்கி அணிந்து மனைவியின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

அந்தத் துயரத்தின் நடுவே அவருக்கு மற்றொரு செய்தி தெரியவந்தது. அவர் ஊரில் இல்லாத காலத்தில் தையல் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. அவற்றில் இருந்தவை அவர் கண்டுபிடித்த ஊசியும் தையல் முறையும்தான். பயனற்றது என்று பலர் ஒதுக்கிய கருவியின் மதிப்பு அப்போது வெளிப்பட்டது. ஹோவ் பணம் திரட்டி லண்டனுக்கு அனுப்பி, அடகிலிருந்த இயந்திரத்தையும் பத்திரத்தையும் மீட்டார். தந்தை தம் பண்ணையை ஈடாக வைத்து அவருக்கு உதவினார். வழக்குகள் தொடங்கின.

எதிர்த்தரப்பினருள் முக்கியமானவர் ஐசக் சிங்கர். துணியை மேசைமேல் கிடத்தி, ஊசி மேலும் கீழும் இயங்குமாறு சிறப்பான இயந்திரத்தை உருவாக்கியவர் அவர். தையல் இயந்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஹோவ் அல்லர் என்பது அவர் தரப்பின் வாதம். அதற்குச் சான்றாக மற்றொரு பழைய இயந்திரத்தைத் தேடிப் பிடித்தார்கள். அது வால்டர் ஹண்ட் என்பவர் ஹோவுக்குச் சில ஆண்டுகள் முன்பே செய்தது. ஆனால், ஹண்ட் அப்போது காப்புரிமை கேட்கவில்லை. இயந்திரத்தையும் அப்படியே கைவிட்டுவிட்டார். எனவே, 1854ஆம் ஆண்டு தீர்ப்பு ஹோவுக்குச் சாதகமாக அமைந்தது. சிங்கர் 15,000 டாலர் செலுத்தினார். அதன்பின், அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு தையல் இயந்திரத்திற்கும் ஹோவுக்கு உரிமைத்தொகை கிடைத்தது. வறுமையில் வாடிய அவர் பெருஞ்செல்வர் ஆனார்.

செல்வம் வந்த பின்னரும் ஹோவ் பழைய நாள்களை மறக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சாதாரண வீரராகவே படையில் சேர்ந்தார். வீரர்களுக்குச் சம்பளம் வரத் தாமதமானபோது தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து உதவினார். 1867ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், தம் 48ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய காப்புரிமை முடிவடைந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

காப்புரிமைக்காக ஹோவ் வழங்கிய மாதிரி இயந்திரம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. காதைக் கூர்முனையில் கொண்ட ஊசியை இன்றைய மின் இயந்திரங்களிலும் பாட்டி வீட்டுப் பழைய இயந்திரத்திலும் காணலாம். ஹண்டின் இயந்திரமும் தைத்தது. ஹோவின் இயந்திரமும் தைத்தது. ஹண்ட் தம்முடையதை அப்போது கைவிட்டுவிட்டார். ஹோவோ கையில் காசில்லாத காலத்திலும் தம்முடையதைத் தேடி மீட்டார்.