வெறும் 5 ஓட்டு... பிரிட்டன் எம்.பி ஆன தாதாபாய் நௌரோஜி!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைன்னு நீங்க எங்க இருந்தாலும் சரி, உங்க காலேஜ் செட்ல ஒருத்தராவது மாஸ்டர்ஸ் படிக்க பிரிட்டன் போயிருப்பாங்க. அங்க ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்த்தாச்சான்னு அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க. என்ன உளர்றேன்னு பதில் வரலாம்.

உளறல் இல்லைங்க. முறையான விசாவோட பிரிட்டனில் வசிக்கும் இந்தியர்கள், காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் அந்த நாட்டுப் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2016 ஜூன் 23-ல், ஐரோப்பிய யூனியனை விட்டு விலகலாமா வேண்டாமா என்று நடந்த பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் அவங்களுக்கு ஓட்டு இருந்தது. அதே லண்டனில் பல வருஷமா குடியிருந்து வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் இல்லை!

இது பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் விட்டுப்போன மிச்சம். அந்தக் காலத்தில் இந்தியாவில் இருக்கும் இந்தியருக்கு பிரிட்டன் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டு கிடையாது. அதே ஆள் கப்பல் ஏறி லண்டனில் போய்க் குடியிருந்தால், ராணியின் குடிமகன் என்ற தகுதியில் ஓட்டும் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம். இந்தச் சந்தைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போனவர்தான் தாதாபாய் நௌரோஜி.

ஸ்கூல் புக்ல தாடியும் தொப்பியுமா பார்த்த அதே தாத்தாதான். 1825 செப்டம்பர் 4-ல் பிறந்தவர். பம்பாயில் ஏழ்மையான பார்சி புரோகிதர் குடும்பம். நாலு வயசில் அப்பா இறந்துட்டார். படிப்பறிவில்லாத அம்மா மானெக்பாய்தான், என்ன ஆனாலும் பையன் படிக்கணும்னு நின்னவர். பையன் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து, அங்கேயே கணக்குப் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

1855-ல் காமா கம்பெனியின் பங்குதாரராக லண்டன் போனார். அபின் வியாபாரத்து லாபம் மனசுக்கு ஒப்பாமல் அதிலிருந்து விலகி, சொந்தமாகப் பருத்தி வியாபாரம் தொடங்கினார். கூடவே ஒரு கணக்கையும் போட ஆரம்பித்தார். இந்தியாவிலிருந்து வருஷா வருஷம் எவ்வளவு பணம் பிரிட்டனுக்குப் போகுது, திரும்ப எவ்வளவு வருது? அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களை வைத்தே அவர் போட்ட இந்தக் கணக்குதான் பிற்பாடு செல்வச் சுரண்டல் கோட்பாடு ஆச்சு. ஓர் இந்தியரின் சராசரி வருமானம் வருஷத்துக்கு 20 ரூபாய்தான் என்பதும் அவர் கணக்கு. மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு.

இதையெல்லாம் மனுவாக எழுதி ஒன்றும் நடக்காது, பார்லிமென்ட்டுக்குள்ள போய்ப் பேசணும்னு முடிவெடுத்து, 1886-ல் லிபரல் கட்சி சார்பில் ஹோல்போர்னில் நின்றார். அயர்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் தரலாமா என்பதுதான் அந்தத் தேர்தலின் சூடான பிரச்னை. பிரெக்ஸிட் மாதிரியே கட்சிகளை நடுவில் பிளந்த விவகாரம். தரலாம் என்றவர்கள் பக்கம் நின்ற நௌரோஜி தோற்றார்.

இரண்டு வருஷம் கழித்து பிரதமர் சால்ஸ்பரி ஒரு மேடையில், பிரிட்டிஷ் வாக்காளர்கள் ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வந்துவிடவில்லை என்கிற அர்த்தத்தில் பேசிவைத்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அதுவரை நௌரோஜியைத் தெரியாதவங்களுக்கும் தெரிந்துபோச்சு. நம்ம ஊர்ல ஒரு மேடைப் பேச்சு ஓவர்நைட்ல ட்ரெண்ட் ஆகுமே, அந்தக் கதைதான்.

1892-ல் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதி. நௌரோஜிக்கு 2,961 ஓட்டு. எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பென்டனுக்கு 2,956. கழித்துப் பாருங்க, 5! ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுற கூட்டம்கூட இல்லை. நௌரோஜி என்ற பெயர் வாயில் நுழையாத லண்டன்காரர்கள் அவரை நேரோ மெஜாரிட்டி என்றே கூப்பிட்டார்களாம். 66 வயசில் எம்.பி. பைபிளுக்குப் பதில் தன் மதநூலான அவெஸ்தாவை வைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்தார்.

(இந்திய வம்சாவளியில் இவருக்கு முன்பே ஒருவர் ஜெயித்திருக்கிறார். 1841-ல் சட்பரியில் டைஸ் சோம்ப்ரே. ஓட்டுக்குக் காசு கொடுத்த விவகாரத்தில் அடுத்த வருஷமே அந்த வெற்றி ரத்து!)

5 ஓட்டில் கிடைத்த சீட்டை வைத்து என்ன செய்தார்? ஐ.சி.எஸ் தேர்வு அப்போது லண்டனில் மட்டும்தான் நடக்கும். கப்பல் செலவுக்கு வழியில்லாத இந்திய இளைஞனுக்கு கலெக்டர் கனவு அதோட காலி. தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்தணும் என்ற தீர்மானம் 1893-ல் மக்களவையில் நிறைவேறியது. அதுக்காகப் பல வருஷம் வாதாடியவர் நௌரோஜி. ஆனா அரசாங்கம் மாகாணங்களிடம் கருத்து கேட்டு இழுத்தடித்தது. அப்போ ஆதரவு சொன்னது மெட்ராஸ் மாகாண அரசு மட்டுமே. கோப்பு கிடப்பில் போனது. 1922-ல்தான் இந்தியாவிலும் அந்தத் தேர்வு நடந்தது. இன்னைக்கு அண்ணா நகர் கோச்சிங் சென்டருக்கு ரயிலும் பஸ்ஸுமா மாறி மாறிப் போறவங்க, இந்த வருஷத்தைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

அயர்லாந்து தோழமையும் வீணாகலை. 1894-ல் மெட்ராஸில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஆல்ஃபிரட் வெப் என்ற அயர்லாந்து எம்.பி.

1895 தேர்தலில் நௌரோஜி தோற்றார். 1906-ல் 80 வயசில் வடக்கு லாம்பெத்தில் மறுபடி நின்றார், மறுபடி தோல்வி. ஆள் அசரவில்லை. அதே வருஷம் டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் தலைவராக உட்கார்ந்து, சுயராஜ்யம்தான் இலக்கு என்று அறிவித்தார். பிரிட்டிஷ் நியாய உணர்ச்சியை நம்பி வாழ்நாள் முழுக்கக் கதவைத் தட்டியவர் வந்து சேர்ந்த இடம் அது. 1917 ஜூன் 30-ல் பம்பாயில் இறந்தார்.

லண்டன் போன உங்க ஃப்ரெண்டுக்கு இன்னொரு தகவல். நகரத்துக்குத் தெற்கே, தாம்பரம் மாதிரி ரயிலை நம்பி வளர்ந்த புறநகர் ஒன்று உண்டு, ஆனெர்லி. அங்கே ஆனெர்லி பார்க் தெருவில் 72-ம் எண் வீட்டில் நௌரோஜி சில வருஷங்கள் குடியிருந்தார். 2022 ஆகஸ்ட்டில் அந்த வீட்டுச் சுவரில் அவர் பேருக்கு நீலப் பலகை வைத்தார்கள். ரிஷி சுனக் பிரதமரானது அடுத்த இரண்டாவது மாசம்.