மேரி அரசியாரின் மறைமுடங்கல்

ஸ்காட்லாந்தில் 1542ஆம் ஆண்டு பிறந்த மேரி, ஆறு நாட்குழவியாய் இருந்தபொழுதே தந்தையை இழந்து அரசுரிமை எய்தினார். உள்நாட்டுக் கலகத்தால் 1567இல் முடிதுறந்த அவர், மறு ஆண்டு இங்கிலாந்திற் புகலடைந்தார். அங்கு எலிசபெத் அரசியார் அவரை ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலில் வைத்தார்.

காவலில் இருந்தவாறே மேரி மறைமொழியில் முடங்கல்கள் விடுத்தார். எழுத்து ஒவ்வொன்றற்கும் ஒரு குறி, சில சொற்களுக்குத் தனிக்குறி என வகுத்த அட்டவணையே அம்மொழியின் திறவுகோல். 1586இல் பாபிங்டன் என்பார்க்கு அவர் எழுதிய முடங்கல், பீர் மிடாவில் ஒளிந்து சென்றது. அவ்வழியை வகுத்தவரோ அமைச்சர் வால்சிங்காமின் ஒற்றர்! மறைமொழி அவிழ்ப்பதில் வல்லவரான பிலிப்ஸ், மீண்டும் மீண்டும் வரும் குறிகளை ஆராய்ந்து பொருளறிந்தார். எலிசபெத்தைக் கொல்லும் சூழ்ச்சிக்கு மேரி இசைந்தார் என்பதற்கு அம்முடங்கலே சான்றாயிற்று. 1587 பிப்ரவரி 8ஆம் நாள் அவர் தலை துணிக்கப்பட்டது.

இக்காலத்திற் கணிப்பொறியும் கைப்பேசியும் எவராலும் முன்னுணரவியலாத பேரெண்களைத் திறவுகோலாக ஆக்கித் தருகின்றன. ஆயினும், அதனைப் பிறர் கையில் விடுவார்க்குக் காப்பில்லை. மாணவர்களே, வலியற்ற பூட்டு, பூட்டில்லாமையினும் தீது. அஃது இல்லாத காவலை உண்டென நம்பி, நாம் அஞ்சாது எழுதுமாறு செய்துவிடும்.